மண்ணுக்கு வாய் வைத்த அப்பாவுக்கு

சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் மண் பிசைகிற என் அப்பாவுக்கு,

பச்சையம்மா எழுதுகிறேன். நீ இருந்தபோது உன்னிடம் நான் பேசியது கொஞ்சம். யாரிடமும் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய். அந்தக் கையெழுத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோயிலில் கொடி ஏறிவிட்டது. சாயங்காலமானால் பஞ்சாயத்து ரேடியோவை நிறுத்திவிட்டுப் பாரதம் படிக்கிறார்கள். உப்பளத்தில் ஏற்றம் போய் டீசல் மோட்டார் வந்திருக்கிறது. அது இரைகிற இரைச்சலில் கொக்கெல்லாம் கழுவெளி ஏரிப் பக்கம் போய்விட்டது. அம்மா வேலைக்குப் போகிறாள். நான் போவதில்லை. ஏன் போவதில்லை என்று உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள் இதைப் படித்தாலும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துரோபதையம்மன் திருவிழாவில் கடைசியாக வருவது படுகளம். அன்றைக்குக் கோயில் வெளியில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். ஒரு தென்னை மரத்தைச் சாய்த்த நீளம் இருப்பான். பீமன் வேஷக்காரர் அவன் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் வரும். அதைத் தொட்டு அம்மன் தன் அவிழ்ந்த கூந்தலை முடிவாள். பெண்கள் துடைப்பத்தால் அவன் முகத்தை அடிப்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப்போய் நெல் குதிரில் போட்டு வைப்பார்கள்.

அந்தத் துரியோதனனைச் செய்கிறவன் நீ. வருஷம் முழுக்க உப்பளத்துக் கூலி, திருவிழாவுக்கு மட்டும் சிற்பி. சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது. கழுவெளிக் கரையின் கருப்புக் களிமண், வைக்கோல், உமி. கண்ணுக்குக் கிளிஞ்சல், நடுவில் கரி. புருவத்துக்குப் பனை நார். பல்லுக்குக் கல்லுப்பு. திறந்த வாய்க்குள் வெயில் பட்டு அந்தப் பல் மின்னும்போது சின்னப் பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். உடம்பைச் சித்தப்பாவோடு சேர்ந்து களத்திலேயே செய்வாய். முகத்தை மட்டும் நம் வீட்டுப் பின்னால் இருக்கிற கொட்டகையில் வைத்துச் செய்து, ஓலைப் பாயில் தூக்கிப் போவாய். பெண் கை அதில் படக்கூடாது என்பார்கள். ஆனால் அந்த முகத்துக்கு மண் மிதித்துக் கொடுத்தது எப்போதும் நான்தான்.

நடந்ததை நடந்த அளவுக்கு இங்கே சொல்கிறேன். போன வருஷம், கொடி ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், உப்புக் குவிக்கிற அம்பாரத்துக்குக் கூடை சுமந்துகொண்டிருந்தேன். கால் வழுக்கிக் கூடை கொட்டிவிட்டது. எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி பின்னாலிருந்து என் சடையைப் பிடித்து இழுத்தான். ஒரு வார்த்தை சொன்னான். அதை எழுத மாட்டேன். சடையை விட்டான், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் இல்லை.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன். நீ கொட்டகையில் உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தாய். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதப்பா" என்றேன்.

"எங்கிட்ட சொன்னது இந்த மண்ணுகிட்ட சொன்ன மாதிரி, பாப்பா. மண்ணுக்கு வாய் இருக்குதா?" என்றாய்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கினால் வருகிற அழுகை. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன். நீயும் காய்ச்சல்தான் என்றாய். நம் இரண்டு பேருக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது என்பதே எனக்கு ஒரு தெம்பாக இருந்தது.

அந்த வருஷம் முகத்தை ஈரக் கோணி போட்டு மூடி வைத்தாய். "இந்த வாட்டி இங்க பாக்காத. களத்துல பாரு" என்றாய். எனக்கு ஆசை காட்டுகிறாய், ஏதோ அழகாகச் செய்கிறாய் என்று நினைத்தேன். மண் வெடிக்காமல் இருக்க வேளாவேளைக்குக் கோணியில் தண்ணீர் தெளித்தது யார்? நான்தான். தூக்கிப் பார்க்கவில்லை. நீ சொன்னால் நான் அப்படித்தானே.

படுகளத்தன்று அம்மாவோடு பெண்கள் பக்கம் நின்றேன். நீ கோணியை எடுத்தாய். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "டேய், நம்ம மேஸ்திரிடா" என்றது.

ஆமாம், அவனேதான். பாதி மூடின இடது இமை. புருவத்து வெட்டு. ஒரு பக்கம் தொங்கின மீசை. கிளிஞ்சலின் மேல் அந்த இமையை எப்படித்தான் இழுத்து வைத்தாயோ, மண் கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு எழுந்தது. எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள், அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கினதும் உன்னைப் பார்த்தார்கள். "முனுசாமி எதுக்கு இவன் மூஞ்சிய வெச்சான்?" என்று ஒருவர் கேட்டார். என் முதுகுக்குப் பின்னால் ஒரு அம்மாள் அடங்கின குரலில் சொன்னாள்: "பச்ச ஏன் வேலைக்கு வர்றதில்லன்னு இப்பத்தான் தெரியுது."

எதிரே கூந்தல் அவிழ்ந்த அம்மன். படுத்திருப்பவன் மேஸ்திரி. செய்தவன் என் அப்பன். ஊருக்கு இன்னும் என்ன வேண்டும்? ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. அம்மாவும் திரும்பினாள். அவளுக்கே அங்கேதான் தெரிந்தது. நான் என் சடையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

நடந்தது ஒரு பிடி அளவு, அப்பா. நீ அதைத் தென்னை மர நீளத்துக்குப் படுக்க வைத்துவிட்டாய். பாதியை மண் சொன்னது, மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. கிணற்றடியில், பஸ் நிற்கிற இடத்தில், உப்பு வண்டியில் என்று என் காதுக்கு வந்த கதைகளில் ஒன்றுகூட எனக்கு நடக்கவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியுமே. பெருமுக்கலிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் வரவில்லை. அவர்கள் வராததில் எனக்கு வருத்தமில்லை. வராததற்கு அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

நீ அவனைக் கேட்டிருப்பாய் என்று நினைத்தேன். ஊரறியக் காட்டிவிட்டவன், முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டானா? மறுநாள் காலையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் கீழேயே உப்பு வாரப் போனாய். அங்கே நடந்ததைச் சித்தப்பா வந்து சொன்னார். மேஸ்திரி மீசையை நீவிக்கொண்டு, "ஏம்பா முனுசாமி, ஒரே நாள்ல என்ன ராஜாவாக்கிட்டியே. கிரீடம் எனக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயாமே.

டீக்கடையில் உன் முதுகைத் தட்டி, "நீதாண்டா ஆம்பள" என்றார்களாம். ஏன் அந்த முகம் என்று கேட்டதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லையாம். அங்கேயும் சிரித்துக்கொண்டே டீ குடித்தாயாம். ஊர் கதை கட்ட அந்தச் சிரிப்பு போதாதா? அந்த டீ இனித்ததா, அப்பா? அவன் முகத்தைப் பார்த்துப் பேச வராத உனக்கு, அவன் முகத்தைச் செய்ய மட்டும் எப்படி வந்தது? எனக்காகச் செய்தாயா, இல்லை, அப்படி ஒரு இமையை வைத்துப் பார்க்க உன் கைக்கு ஆசை வந்துவிட்டதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சடையைப் பிடித்தவன் துச்சாதனன். வருஷா வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து பாரதம் கேட்கிற உனக்கு இது தெரியாதா? படுத்திருப்பவன் ராஜா. அவனைப் பார்க்க ஊரே வரும். அவன் மண்ணை எடுத்துப்போய்க் குதிரில் வைத்துக் கும்பிடும். போயும் போயும் அந்த இடத்தையா அவனுக்குக் கொடுத்தாய்?

அதற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு வைத்தால் தட்டைப் பார்த்தாய். தண்ணீர் கொடுத்தால் சொம்பைப் பார்த்தாய். நீயாக வந்து ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். ஆனி மாதம் உப்புக் கூடையோடு பாத்தி வரப்பில் விழுந்தாய். கட்டிலில் போட்டுத் தூக்கி வரும்போதே மூச்சில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள். உன் நகக்கண்ணில் மட்டும் உப்புக்குப் பதிலாகக் கருப்பு மண் இருந்தது. எந்த மண் அது? எதற்காகத் தொட்டாய்? அதையும் இனி யாரிடம் கேட்பது?

இனி இந்த வருஷத்துச் சேதி. துரியோதனன் உடம்பைச் சித்தப்பா தனியாகவே செய்துவிடுவார். முகம் அவருக்கு வரவில்லை. அவர் செய்த முகத்தைப் பார்த்து, "ஏழுமல, இது துரியோதனனா, பலாப்பழமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். அதனால் தர்மகர்த்தா நம் வீட்டுக்கு வந்தார்.

"பச்ச, மூஞ்சி மட்டும் நீ வெச்சுக் குடும்மா. பொம்பளப் புள்ள கை படக்கூடாதுதான். ஆனா இத்தன வருஷமா மண்ண மிதிச்சது நீதான? கால் பட்ட மண்ணுல கை பட்டா சாமி என்ன கோச்சுக்கவா போவுது?" என்றார்.

நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து யாருடைய முகம் என்பதுதான் பேச்சு. அம்மா, "அதே மூஞ்சிய வெய்யி. நல்லா அடிக்கட்டும். இன்னும் மீசய முறுக்கிகிட்டுத்தான சுத்துறான்" என்றாள். மேஸ்திரியே ஒரு நாள் சைக்கிளில் நம் வாசலைத் தாண்டும்போது, "பாப்பா, இந்த வாட்டி மீசைய கொஞ்சம் பெருசா வெய்யி" என்று சொல்லிவிட்டு மணி அடித்துக்கொண்டு போனான். நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரியின் சம்சாரம், தனம் அக்கா வந்தாள். முருங்கை மரத்தடியிலேயே நின்றாள்.

"உள்ள வாக்கா" என்றேன்.

"இருக்கட்டும். மூஞ்சி நீதான் வெக்கிறியாமே."

நான் தலையை ஆட்டினேன்.

"எங்க வூட்டுக்காரர் மூஞ்சிய வெக்காதன்னு கேக்க வரல. வெச்சா அந்த ஆளு சந்தோஷந்தான் படுவான். போன வருஷம் என் கையிலயும் தொடப்பத்தக் குடுத்தாங்க. அடிக்கலன்னா புருஷனுக்கு வக்காலத்துன்னுவாளுங்க. அடிச்சேன், பச்ச. நல்லா இழுத்துதான் அடிச்சேன். வூட்டுக்குப் போனப்புறம் அந்த அடி எனக்கு விழுந்துச்சு." முருங்கைப் பட்டையை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னாள். "எம்பொண்ண இஸ்கூல்ல துரியோதனன் பொண்ணுன்னு கூப்புடறாங்களாம். போவ மாட்டேன்னு படுத்துக்கறா. நீயாவது ஏழாவது வரைக்கும் போன. உன்ன நான் என்ன கேக்க முடியும்? சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். உன் மண் முகம் யாரை அடித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் இரண்டு பேரையும் அந்தச் சின்னப் பெண்ணையும்தான் அடித்திருக்கிறது. அவன் மேல் ஒரு துடைப்பக் குச்சிகூடப் படவில்லை.

சாயங்காலம் மண்ணை எடுத்து வைத்தேன். மேஸ்திரியை நினைக்கக்கூடாது, யாரையும் நினைக்கக்கூடாது என்று கை போனபடி விட்டேன். நெற்றி வந்தது. தாடை வந்தது. கீழுதட்டின் இடது ஓரம் கொஞ்சம் உள்ளே போனது, வேலை மும்முரத்தில் நீ கடித்துக்கொள்வாயே, அந்த இடம். கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நீ படுத்திருந்தாய்.

பொய் சொல்ல மாட்டேன், அப்பா. அதை உடனே கலைக்கவில்லை. ஈரக் கோணி போட்டு மூடி வைத்தேன், நீ செய்த மாதிரியே. அப்படியே களத்துக்குப் போகட்டும் என்று இருந்தது. கோணியை எடுக்கட்டும். "டேய், நம்ம முனுசாமிடா" என்று சொல்லட்டும். என்னைத் திரும்பிப் பார்த்த தலைகளெல்லாம் உன்னைப் பார்க்கட்டும். எதற்கு இவள் அப்பன் முகத்தை வைத்தாள் என்று கேட்டுக்கொள்ளட்டும். மீதியை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். உனக்கு நடக்காததையெல்லாம் சேர்த்துச் சொல்லட்டும். எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரிய வேண்டாமா?

தண்ணீர் தெளிக்க வந்தபோது கொட்டகை மூலையில் நம் துடைப்பம் சாத்தியிருந்தது. அதை அம்மா கையில் நினைத்துப் பார்த்தேன். தனம் அக்கா மாதிரி அவளும் அந்தக் கூட்டத்தில் நிற்பாள். எல்லோரும் அவள் கையைத்தான் பார்ப்பார்கள். அடித்தாலும் பேசுவார்கள், அடிக்காவிட்டாலும் பேசுவார்கள்.

கோணியை எடுத்தேன். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். உன் நெற்றியில் கை வைத்தேன். நீ செத்தபோது கூட்டத்தில் என்னை விடவில்லை, அதனால் வைக்காமல் போன கை அது. பிறகு அழுத்திப் பிசைந்து உருண்டை பிடித்துவிட்டேன். நீ என்னை ஊருக்குக் காட்டினாய். நான் உன்னைக் காட்டவில்லை.

அப்புறம் செய்தது கூத்தில் வேஷம் கட்டுகிறவர்கள் எழுதிக்கொள்கிற முகம். நம் ஊரில் யாருக்கும் அப்படிப் புருவம் கிடையாது, யாருக்கும் அப்படி மீசை கிடையாது. ஒன்றே ஒன்று உன் வழக்கத்தை மாற்றினேன். வாயை மூடி வைத்தேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "வாயில்லாத துரியோதனன எவடி பாத்தா?" என்றாள்.

"வாய் இருக்குதும்மா. மூடியிருக்குது."

அவள் பல்லுக்கென்று பொறுக்கி வைத்திருந்த கல்லுப்பை எடுத்துப்போய் மீன் குழம்பில் போட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை கிணற்றடியில் வரிசையில் நின்றேன். மேஸ்திரி சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னா பாப்பா, நம்ம மூஞ்சி ரெடியா?" என்றான். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழக்கம்போல வீட்டுப் பக்கம் திரும்பிவிடத்தான் பார்த்தேன். எப்படி வாய் வந்ததோ தெரியாது.

"உன் மூஞ்சி இல்ல. நீ பின்னாலேர்ந்து என் சடைய புடிச்சு இழுத்த, ஒரு வார்த்த சொன்ன. அவ்வளவுதான் நடந்துச்சு. சடைய புடிச்சவன் துச்சாதனன். அவனுக்குக் களத்துல எடமில்ல. ராஜா வேஷம் உனக்குக் கெடயாது."

திக்கித் திக்கித்தான் வந்தது, அப்பா. ஆனால் கடைசி வரைக்கும் சொல்லிவிட்டேன். வரிசையின் பின்னாலிருந்து ஒரு கிழவி, "அதானே, ராஜாவுக்கு ஏது ஓட்ட சைக்கிளு?" என்றாள். கிணற்றடியே சிரித்தது. அவன் என்னவோ முனகிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அவனைப் பார்த்து ஊர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போன வருஷம் ஊர் சிரித்தது உன் கைவேலையைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கின பிறகுதான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. உன்மேல்தான். அவ்வளவு சின்ன வார்த்தை. நீ மறுநாள் காலையில் உப்பளத்தில் நின்று சொல்லியிருக்கலாம். அதற்கு இத்தனை மண் தேவையே இல்லை.

இதையெல்லாம் எழுதி ஊருக்குக் காட்டுகிறாயே, நீயும் என்னைத்தானே காட்டுகிறாய் என்று கேட்பாய். உன் முகத்தைக் காட்டவில்லை. நீ செய்ததைச் சொல்கிறேன், செய்த அளவுக்கு. எனக்கு வாய் இருக்கிறது என்று நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.

நாளைக்குப் படுகளம். அம்மன் கூந்தல் முடிகிறபோது நான் சடையை மறைக்காமல் நிற்பேன். ஆனியில் உனக்குத் தலைத் திவசம். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை நானே வைத்துப் படைப்பேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டு உடைத்த அதே வாக்கு. இந்தக் கையால் எத்தனை முகம் செய்தாலும், என்னிடம் யார் எதைச் சொல்லி அழுதாலும், என் மண்ணுக்கு வாய் இருக்காது.

உனக்கு மண் மிதித்துக் கொடுத்த மகள்,
பச்சையம்மா